இரண்டாம் அறைக் கதிரை

கதிரை இறங்கிவிட்டது. இறக்கிய பிறகுதான், அதை ஏற்றும் வழி தனக்குத் தெரியாது என்பது பரமநாதனுக்கு நினைவு வந்தது.

இருக்கைக்குக் கீழே வலப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சும்மா தொட்டுத்தான் பார்த்தார். 'புஸ்ஸ்' என்று காற்று விட்டுக்கொண்டு கதிரை கீழே போனது. இப்போது மேசை விளிம்பு அவருடைய நெஞ்சுக்கு நேரே நின்றது. பிடியை மேலே இழுத்தார், கீழே அமத்தினார், பக்கவாட்டில் திருகினார். கதிரை அசையவில்லை.

மணி ஒன்று பத்து. சாப்பிடப் போன விவேகானந்தன் இரண்டு மணிக்கு வந்துவிடுவான். அதற்குள் கதிரை பழைய உயரத்துக்குப் போயாக வேண்டும். ஏனென்றால் கதிரை அவனுடையது. அறையும் அவன் வாடகைக்கு எடுத்த அறை. "எவரும் பிறருடைய அறைக்குள் நுழைதல் ஆகாது" என்று நடைச் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியவர் வீட்டுக்காரரான பரமநாதனேதான்.

பரமநாதன் கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தா வேலை செய்து, பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதம், தாம் இருந்த தேக்குக் கதிரையை ஏலத்தில் எடுத்து, கட்டுக்கலை வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி ஏற்றிக் கொண்டுவந்தார். பிரம்பு பின்னிய இருக்கை, அகலமான கைபிடி, முதுகுக்கு நேரே தேய்ந்து வழவழத்த பலகை. வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி லீலாதேவி முதலில் அதைத்தான் காட்டுவார்.

"இவர் இதிலை இருந்துதான் முழுக் கண்டி மாவட்டத்தையும் நடத்தினவர்" என்பார்.

அதெல்லாம் மூன்று மாதத்துக்கு முந்தைய கதை.

அது 2007ஆம் ஆண்டு. கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ஜூன் மாதம் முடிந்த கையோடு, விவேகானந்தன் ஒரு முதுகுப் பையுடன் வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மென்பொருள் எழுதுகிறவன். 'நீ கண்டியிலிருந்தே வேலை செய், உனக்கு வேண்டியதை அனுப்புகிறோம்' என்று கம்பனி சொல்லிவிட்டதாம். அடுத்த வாரம் ஒரு வான் வந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய பெட்டிகள் இறங்கின. பெட்டிகளுக்குள்ளிருந்து வந்தவைதான் பரமநாதனின் தூக்கத்தைக் கெடுத்தன.

முதலில் இந்தக் கதிரை வந்தது. இடுப்புக்கு ஒரு தாங்கல், கழுத்துக்கு ஒரு தாங்கல், கீழே உருண்டோட ஐந்து சில்லு. அடுத்து, பொத்தானை அமத்தினால் தானாக உயர்ந்து தாழும் மேசை. கடைசியாக இரண்டு துண்டாக இருந்த ஒரு கீபோர்ட். இடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி. உடைந்து போய்த்தான் வந்திருக்கிறது என்று பரமநாதன் சந்தோஷப்பட்டார். அதன் அமைப்பே அப்படித்தான் என்று தெரிந்ததும் சந்தோஷம் போய்விட்டது. பத்தாததற்கு அதன் ஒரு விசையிலும் எழுத்து அச்சிடப்பட்டிருக்கவில்லை.

"எழுத்தில்லாமல் எப்பிடித் தம்பி அடிப்பீர்?" என்று கேட்டார்.

"பாக்காமலே அடிப்பன் அங்கிள். விரலுக்குத் தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு நிமிடத்துக்கு அறுபது சொல் அடித்தவர் பரமநாதன். அதை இந்த வீட்டில் ஒருவரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை அடிக்கும்போது மட்டும் லீலாதேவி வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார். அதோடு நிற்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் முதலாம் அறையில் இருந்த தேக்குக் கதிரையைத் தாண்டி இரண்டாம் அறை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"பாருங்கோவன், கழுத்துக்கும் ஒரு மெத்தை! இவரின்ரை கதிரையும் இருக்குது, மரக்கட்டை!"

பரமநாதனுக்குப் பொறாமை வந்தது. அப்பட்டமான பொறாமை. அதற்கு அவர் வெளியில் வைத்த பெயர்தான் வேறு. "இந்தக் காலத்துப் பெடியளுக்கு முள்ளந்தண்டு இல்லை. அதுதான் கம்பனி வாங்கிக் குடுக்குது" என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சொன்னார். "அந்தக் கதிரையிலை ஒரு நிமிசம் இருக்கச் சொல்லி என்னைக் கும்பிட்டுக் கேட்டாலும் இருக்கமாட்டன்" என்றும் சொன்னார். இதை லீலாதேவி கேட்டிருக்கிறார், வேலைக்கு வரும் புஷ்பம் கேட்டிருக்கிறாள், கோயிலில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு அவருடைய சொந்தக் கதிரையும் இப்போது அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. மாலையில் லைப்ரரியிலிருந்து வந்து உட்கார்ந்தால் ஒரே தைல வாசம். கதிரை முதுகில் போட்ட துவாய் ஒருநாளும் அவர் போட்டபடி இருப்பதில்லை. வீட்டுப் பூனையைத் திட்டிப் பார்த்தார்.

"பூனை தைலமே பூசுது? வயது போனால் எங்கை பூசினம் எண்டும் மறந்துபோம்" என்றார் லீலாதேவி.

விவேகானந்தனைக் குறை சொல்லவும் வழியில்லை. மரியாதையான பிள்ளை. ஒவ்வொரு மத்தியானமும் வெளியே போகும்போது நின்று, "அங்கிள், இண்டைக்கும் நாலு மணிக்குத்தானே லைப்ரரிக்குப் போறியள்? ஆறு மணிக்குத்தானே வருவியள்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். நாட்டு நிலைமை சரியில்லை, கிழவன் தனியாகப் போகிறான் என்ற அக்கறை. அந்த அக்கறைகூட பரமநாதனுக்கு எரிச்சலாக இருந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. லீலாதேவி பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார். புஷ்பம் பின்பக்கம் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் அறைக் கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டியிருக்கவில்லை. மூன்று மாத வைராக்கியம் முப்பது செக்கனில் முடிந்தது.

உட்கார்ந்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் கதிரை நன்றாக இருந்தது. இடுப்பை யாரோ கை கொடுத்துத் தாங்குவது போல் இருந்தது. அந்த ஆத்திரத்திலேயே இரண்டு துண்டுக் கீபோர்டில் கையை வைத்தார். திரை விழித்து, நடுவில் ஒரு சிறிய கட்டத்தைக் காட்டியது. பழக்க தோஷத்தில், 'தங்கள் கடிதம் தொடர்பாக' என்று ஆங்கிலத்தில் விறுவிறுவென்று அடித்தார். கட்டத்துக்குள் எழுத்து வரவில்லை. வரிசையாகப் புள்ளிகள் வந்தன. அழிக்கப் பார்த்தார், இன்னும் புள்ளி வந்தது. பதற்றத்தில் கதிரையைப் பின்னே தள்ளும் பிடி எதுவென்று தேடியபோதுதான் அந்தக் கறுப்புப் பிடி கையில் பட்டது.

சரி, கதிரை ஏறவில்லை. பிரதம லிகிதர் மூளை வேலை செய்தது. கதிரை எவ்வளவு இறங்கியதோ மேசையும் அவ்வளவு இறங்கினால் கணக்குச் சரியாகிவிடும். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. மேசைப் பொத்தான்களில் கீழ் அம்புக்குறியை அமத்தினார். மேசை மெல்ல உறுமிக்கொண்டு இறங்கியது. நெஞ்சு, வயிறு, தொடை. தொடையில் வந்து அமர்ந்தபோது கையை எடுத்தார். கொஞ்சம் பிந்திவிட்டது. தொடைகள் மேசைக்கும் இருக்கைக்கும் நடுவே இறுகிவிட்டன. மேல் அம்புக்குறியை அமத்தினார்.

மின்சாரம் நின்றது.

மேசை நின்றது. தலைக்கு மேலே விசிறி நின்றது. கணினி மட்டும் நிற்கவில்லை. மேசைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். பெட்டி 'பீப், பீப்' என்று கத்தத் தொடங்கியது. தாம் அடித்த புள்ளிகளுக்காகத்தான் கணினி கத்துகிறது என்று பரமநாதன் நினைத்தார். கீபோர்டில் ஆங்கிலத்தில் 'மன்னிக்கவும்' என்று அடித்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு புள்ளி வந்தது. பீப் நிற்கவில்லை.

"புஷ்பம்!" என்று சத்தம் வராமல் கத்தினார். சத்தம் வராததால் புஷ்பம் வரவில்லை.

கேற் திறக்கும் ஒலி கேட்டது. பிறகு லீலாதேவியின் குரல். அதோடு ஓர் ஆண் குரல், சிங்களத்தில்.

பரமநாதன் குரலை அடையாளம் கண்டுகொண்டார். பொலிஸ் சார்ஜன்ட். வீட்டில் உள்ளவர்களின் பட்டியலைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை வருகிறவர்.

எண்பத்து மூன்று கலவரத்தில் இந்த வீட்டின் முன்பக்கக் கண்ணாடி அத்தனையும் போனது. அன்றிலிருந்து, யார் வந்து எதைக் கேட்டாலும் காட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசி இருக்க வேண்டும் என்பது பரமநாதனின் கொள்கை. பொலிஸ் படிவத்தில் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. 'இணைப்பு அ' என்று தாமாகவே ஒரு தாள் சேர்த்து, வீட்டின் படம் வரைந்து, எந்த அறையில் யார், எத்தனை மணிக்கு, என்ன செய்வார் என்று சிங்களத்தில் எழுதி, கீழே கையொப்பமும் வைத்துக் கொடுத்திருந்தார். முழு வட்டாரத்திலும் இணைப்பு வைத்திருந்த ஒரே வீடு இதுதான்.

"அது என்ன சத்தம்?" என்று சார்ஜன்ட் நடையில் நின்று கேட்டார்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்று லீலாதேவி தமிழில் முணுமுணுத்துவிட்டு, சிங்களத்தில் "பார்ப்போம்" என்றார்.

கதவு திறந்தது.

மேசையை மடியில் வைத்துக்கொண்டு, நாடிக்கு நேரே திரையுடன், பரமநாதன் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். எழுந்திருக்க முடியாததால், இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"இஞ்சேருங்கோ! உங்கை என்ன செய்யிறியள்?" லீலாதேவியின் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டு சரிந்தது.

சார்ஜன்ட் ஐம்பத்திரண்டு படி ஏறிய வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கோப்பைத் திறந்தார். விரலை வைத்து வாசித்தார்.

"மாத்தயா, இணைப்பு அ. இரண்டாம் அறை, விவேகானந்தன், கணினி வேலை. 'இவரைத் தவிர எவரும் இந்த அறைக்குள் நுழைவதில்லை.' இது உங்கள் கையொப்பம்தானே?"

"என்னுடையதுதான்."

"இது இரண்டாம் அறைதானே?"

"இரண்டாம் அறைதான்."

பீப் என்றது யூ.பி.எஸ்.

"அப்படியானால் நீங்கள் இங்கே இருக்கிறீர்களே?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார் லீலாதேவி. "கும்பிட்டுக் கேட்டாலும் இருக்கமாட்டன் எண்டு சொன்ன ஆள்!" என்று சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு இன்று மாலைப் பூசைக்குக் கோயில் வரை போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்தார் வீடு பாக்கியில்லாமல் போய்விடும். பொலிஸைவிட அதற்குத்தான் பரமநாதன் அதிகம் பயந்தார்.

"கும்பிட்டுத்தான் கேட்டவன்" என்றார்.

"ஆர்?"

"தம்பிதான். 'அங்கிள், உங்கடை கதிரையிலை இருந்தால்தான் எனக்கு வேலை ஓடுது, முதுகும் நோகேல்லை, தயவுசெய்து தாங்கோ' எண்டு ஒரே கரைச்சல். பாவம் பாத்துக் குடுத்தனான். அதுக்குப் பதிலா எனக்கு இது. எனக்கு விருப்பமில்லைதான். என்ன செய்யிறது?"

அதையே சிங்களத்தில், அரச கரும மொழிப் பரீட்சையில் தேறிய சிங்களத்தில், இன்னும் விரிவாகச் சார்ஜன்டுக்கும் சொன்னார்.

லீலாதேவி சிரித்தே விட்டார். "இந்தச் சொர்க்கத்தை விட்டுட்டு உங்கடை மரக்கட்டையிலையோ? அதுசரி, ஏன் மேசையைத் தூக்கி மடியிலை வைச்சிருக்கிறியள்?"

"உப்பிடித்தான் வைக்க வேணும். வெளிநாட்டு முறை."

"அம்மா சிரிக்கிறார்" என்றார் சார்ஜன்ட். அவருடைய குரலில் சிரிப்பு இல்லை. "மாத்தயா, வேறு வீடாக இருந்தால் இதையெல்லாம் நான் கேட்கவே மாட்டேன். வேறு வீட்டில் இணைப்பு இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எழுத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் இருந்தால், மேலே இருப்பவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பிள்ளை உண்மையில் எங்கே வேலை செய்கிறான்? இதைப் பார்த்த ஆள் யாராவது உண்டா?"

சத்தம் கேட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புஷ்பம் வாசலில் வந்து நின்றாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் நடந்து வருகிறவள். எட்டு வருடமாக இந்த வீட்டில் வேலை.

"நீ சொல்லு" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். "அந்தப் பிள்ளை எந்தக் கதிரையில் இருந்து வேலை செய்கிறான்?"

பரமநாதன் அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் எந்த மேலதிகாரியையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

புஷ்பம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஐயாவோட பழைய கதிரையிலதாங்க" என்று தமிழில் ஒருமுறையும் சிங்களத்தில் ஒருமுறையும் சொன்னாள்.

லீலாதேவியின் சிரிப்பு நின்றது. பரமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடத்தில் இவளுடைய தேநீரில் சீனி கூட, குறைய என்று எத்தனை தரம் சத்தம் போட்டிருக்கிறார்!

சார்ஜன்ட் மேசையில், அதாவது பரமநாதனின் மடியில், கோப்பை வைத்து எழுதினார். 'இணைப்பு அ, திருத்தம் ஒன்று. விவேகானந்தன் முதலாம் அறையில், வீட்டுக்காரரின் கதிரையில் வேலை செய்கிறார்.' பரமநாதன் ஒப்பமிட்டார். வாழ்நாளில் அவர் அறிந்து போட்ட முதல் பொய்க் கையொப்பம் அது.

"பிள்ளை வந்ததும் அவனுடைய ஒப்பத்தையும் இதில் வாங்குங்கள்" என்று தாளைக் கொடுத்தார் சார்ஜன்ட். "மூன்று மணி வரை சந்தியில் நிற்பேன். அவனே கொண்டுவந்து தரட்டும். ஒரு வார்த்தை நேரிலும் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் போய்விட்டார். படிகளில் சப்பாத்து இறங்கும் ஓசை தேய்ந்தது.

"உண்மையாத்தான் கேட்டவனோ?" லீலாதேவி கணவரை ஒரு புதுப் பார்வை பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்பு தேக்குக் கதிரையைக் காட்டும்போது இருந்த அதே பார்வை. "எவ்வளவு சாமான் வைச்சிருக்கிற பிள்ளை, உங்கடை கதிரையை எல்லோ கேட்டிருக்கிறான்! வரட்டும். அவன்ரை வாயாலையும் ஒருக்காக் கேப்பம்."

போய் முன் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பரமநாதனுக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. பிள்ளை ஒன்றும் தெரியாமல் வருவான். லீலாதேவி கேட்பார். 'என்ன கதிரை அன்ரி?' என்பான். அதோடு மானம் போகும். ஒப்பமிடச் சொன்னால் மாட்டேன் என்பான். பொலிஸுக்குப் பொய் எழுதிய வீடென்று கோப்பில் ஏறும். அது இந்தப் பிள்ளைக்கும் சேர்த்து வினையாக முடியலாம். இந்த ஊரில் ஒதுங்க வந்தவன், பாவம். எல்லாம் ஒரு கதிரைமேல் வந்த வயிற்றெரிச்சலால்.

மின்சாரம் வந்தது. பீப் நின்றது, விசிறி சுற்றியது. புஷ்பம் உள்ளே வந்து, தயங்காமல் மேல் அம்புக்குறியை அமத்தினாள். மேசை தொடையை விட்டுத் தூக்கிக்கொண்டு போனது.

"எழும்பி நின்னுக்கிட்டுப் பிடிய இழுங்க ஐயா. பாரம் இருந்தா ஏறாது" என்றாள். பரமநாதன் எழுந்தார், இழுத்தார். கதிரை சுகமாக மேலே வந்தது.

"உனக்கெப்பிடியடி தெரியும்?"

"கூட்டுறப்போ தள்ளி வைக்கிறதுக்குத் தம்பி சொல்லிக் குடுத்துச்சு."

கீழே கேற் திறந்தது. செருப்புக் கால்கள் படியேறத் தொடங்கின. இன்னும் ஐம்பத்திரண்டு படி. பரமநாதன் புஷ்பத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புஷ்பம், எனக்காக நீ பொலிஸுக்காரனிட்டையே பொய் சொன்னாய். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். இன்னும் ஒரேயொரு உதவி செய். ஓடிப்போய் அந்தத் தம்பியையும் அதே பொய்யைச் சொல்லச் சொல்லு!"

புஷ்பம் விழித்தாள்.

"நா எதுக்குங்க பொய் சொல்லணும்? நீங்க நாலு மணிக்கு லைப்ரரிக்குப் படியெறங்கினதும், அம்மா டீவில நாடகம் பாக்குற நேரம், அந்தத் தம்பி லெப்டொப்பத் தூக்கிக்கிட்டு முதுகெல்லாம் தைலத்தப் பூசிக்கிட்டு ஒங்க கதிரைக்கில்ல வந்துருது! 'இந்தக் கம்பனிக் கதிரையில ஒரு மணித்தியாலம் குந்த முடியல புஷ்பமக்கா, இப்படி ஒரு கதிரைக்கு அங்கிள் குடுத்து வச்சவரு'ன்னு மூணு மாசமா பொறாமையில வெந்துக்கிட்டு இருக்குதுங்க."